பிடரிச் சுழி

அவள் கத்தியைத் தாடையில் வைக்கவும் தெருவில் முதல் விசில் ஊதவும் சரியாக இருந்தது. ஊர்வலம் கிளம்ப நாற்பது நிமிடம். நாற்காலியில் பாதி மழித்த முகம் ஒன்று. பெஞ்சில் இன்னும் மூன்று. பிளேடை மாற்றினாள், நுரையை வழித்தாள், திரும்ப இழுத்தாள்.

“மெதுவாம்மா. எதிரி குண்டுக்கே தப்பின கழுத்து இது,” என்றார் நாற்காலியில் இருந்தவர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்.

“பேசாதீங்க மாமா. குண்டு குறி தவறும். நான் தவற மாட்டேன்.”

பெஞ்சு சிரித்தது. போர் நினைவு நாள் காலையில் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த சலூனில் சவரம் இலவசம். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். போன வருடம் வரை அத்தனை தாடைகளையும் அப்பாதான் பார்த்தார். இந்த வருடம் அவர் கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. கால்களும் அதே வழிக்குப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஓரமாக நின்று துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் இந்தக் கால்கள் நடக்குமோ நடக்காதோ. எனவே இந்த வருடம் அப்பா ஊர்வல வரிசையில் நடந்தே ஆக வேண்டும். ஒரு வாரமாக அவளுக்கு இதே நினைப்புதான்.

பட்டாளத்துக்காரர் சங்கச் செயலாளர் பட்டியலோடு உள்ளே வந்ததும் அவள் விடவில்லை. “சார், எங்கப்பா பேர்?”

“லிஸ்ட்டை நேத்தே முடிச்சாச்சும்மா. அதுவும் முன்வரிசை, சண்டை போட்டவங்களுக்கு.”

“பன்னெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்தவர் சார்.”

“இருந்தார். யார் இல்லேன்னா? கத்தரிக்கோலோட இருந்தார்.”

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. பட்டாளத்தில் அப்பாவுக்கு ‘கத்திரி’ என்றுதான் பெயர். பெஞ்சு சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“உங்களுக்கு ரோஷமே வராதாப்பா?” என்றாள், அவர் காதோரம்.

“அவர் சொன்னதுல என்ன பொய்? நான் ஒரு தோட்டாகூட சுட்டதில்ல பாப்பா.”

போரில் என்ன செய்தீர்கள் என்று பள்ளிக்கூட நாட்களிலிருந்து கேட்டிருக்கிறாள். ‘முடி வெட்டினேன்’ என்பார். அதற்கு மேல் வாயில் பூட்டு. சாவி எங்கே என்று அம்மாவுக்கே தெரியாது.

வாசலில் கார் ஒன்று நின்றது. கைத்தடியோடு, ஒரு பக்கக் கன்னம் முழுக்கப் பழைய தையல் தழும்போடு, நெடிய உருவம் ஒன்று இறங்கியது. பெஞ்சு மொத்தமும், முழங்கால் வலியை மறந்து, எழுந்து நின்றது. லாரிக்காரர் பாதி நுரையோடு எழுந்தார்.

மேஜர். பல வருடங்களாக ஊர்ப்பக்கமே வராதவர்.

“சார், மேடையில உங்களுக்கு நாற்காலி...” என்று செயலாளர் ஓடினார்.

“எனக்கு இந்த நாற்காலி போதும்.” லாரிக்காரர் நகர்ந்துகொள்ள, மேஜர் உட்கார்ந்தார். “கத்திரி, நீ வெட்டு.”

“கை ஆடுது சார். பொண்ணு வெட்டுவா. என்னைவிட நல்லா வெட்டுவா.”

அவள் துணியைப் போர்த்தினாள். இப்போது விட்டால் இனி வாய்க்காது. “சார், ஒண்ணு கேக்கணும். எங்கப்பா பட்டாளத்துல என்னதான் பண்ணினார்?”

“பாப்பா, வேலையைப் பாரு,” என்றார் அப்பா.

மேஜர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “இன்னும் சொல்லலையா நீ?”

“வாக்குக் குடுத்திருக்கோமே சார்.”

“யாருக்காகக் குடுத்தோமோ, அந்த அம்மாக்கள்ல இப்ப ஒருத்தரும் இல்ல, கத்திரி. கடைசி அம்மா போன மாசம் கண்ணை மூடிட்டாங்க. அங்க போயிட்டுத்தான் வர்றேன்.”

அப்பாவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“மலை உச்சியில எங்க காவல் முகாம்,” என்றார் மேஜர். “ஒருநாள் மதியம் குண்டு விழுந்து பாறை சரிஞ்சு, பதுங்குகுழி அப்படியே அமுங்கிப் போச்சு. எடுத்தப்ப ஒருத்தர் முகமும் முகமா இல்ல. கழுத்துல பேர் எழுதின தகடு இருக்கணும். அதுவும் ஒருத்தர்கிட்டயும் இல்ல. மாத்தி அனுப்பினா என்ன ஆகும்? ஒரு தாய் அடுத்தவ பிள்ளைக்கு அழுவா. தன் பிள்ளை எங்கேன்னே தெரியாம சாவா. டாக்டர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாராம். உங்கப்பா உள்ள போனார்.”

அவள் சீப்பை வைத்துவிட்டாள்.

“ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அத்தனை தலையும் அவர் கைக்கு வரும். இவனுக்குப் பிடரியில ரெட்டைச் சுழி. இவனுக்குக் காதுக்குப் பின்னால சின்ன வயசுல மாடு முட்டின தழும்பு. இவன் இடது கிருதாவை ஒரு நூல் ஏத்தி வெக்கச் சொல்வான், நான்தான் வெச்சேன்னார். இப்படியே ராத்திரி முழுக்க, தலையைத் தொட்டுத் தொட்டுப் பேர் சொன்னார். சொன்ன ஒவ்வொருத்தனுக்கும் தலை வாரிவிட்டுத்தான் அனுப்பினார். இன்னிக்கு ஊர்வலம் போய்ச் சேர்ற நினைவுக் கல்லுல இருக்கிற பதினாலு பேரும் அவனவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இவரால. முகம் சிதைஞ்சது எந்த அம்மாவுக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அந்த வாக்கு.”

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்பாவை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். லாரிக்காரர் நுரை வடியும் முகத்தோடு அப்பாவுக்கு சல்யூட் அடித்தார். செயலாளர் பேனாவைத் திறந்தார்.

“ஐயா, மன்னிக்கணும். முன்வரிசையில முதல் ஆளா உங்க பேரை எழுதுறேன்.”

“எழுதாதீங்க.” அப்பாவின் குரல் கடினமாக இருந்தது. “சார் ஒண்ணை விட்டுட்டார். தகடு ஏன் இல்லன்னு கேளுங்க. அன்னிக்குக் காலையில எல்லாருக்கும் முடி வெட்டினேன். சங்கிலி மிஷின்ல மாட்டுதுன்னு, கழட்டிப் பொட்டியில போடுங்கன்னு சொன்னவனே நான்தான். வெட்டி முடிக்கிறதுக்குள்ள அபாயச் சங்கு ஊதிட்டான். அப்படியே ஓடிட்டாங்க. பதினஞ்சு தகடு என் பொட்டியிலயே கெடந்துச்சு. அவங்க பேரை அவங்க கழுத்துலேருந்து கழட்டினவன் முன்வரிசையில நடக்கலாமா?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு எண் தடுக்கியது.

“பதினஞ்சாப்பா? கல்லுல பதினாலு பேர்தானே இருக்கு?”

அப்பா குனிந்து, கீழே கிடந்த துண்டை எடுத்தார். தெருவில் இரண்டாவது விசில் ஊதியது. மேஜர் மெல்லத் தலையைக் குனிந்தார். அவள் கையைப் பிடித்துத் தன் பிடரியில், முடிக்கோடு முடியும் இடத்தில் வைத்தார். விரலுக்கடியில் பெரிய தழும்பு ஒன்று மேடு தட்டியது. அதன் ஓரத்தில் நாடி துடித்துக்கொண்டிருந்தது.

“தகடு இருந்திருந்தா டாக்டர் பேரைப் படிச்சு, எழுதி, மூடியிருப்பார்மா. யாரும் தலையைத் தொட்டிருக்க மாட்டாங்க. தகடு இல்லாததாலதான் உங்கப்பா ஒவ்வொரு பிடரியா தடவினார். விடியற நேரம், கடைசித் தலைக்கு வந்தப்ப ‘டாக்டர், இது சுடுது’ன்னு கத்தினாராம். அது நான்.”