வீட்டுக்காரம்மா உஷாராணி

சிம்பாங் அம்பாட்டில் உஷாராணி வாடகைக்கு விடக் கட்டிய மூன்று கண்டெய்னர் வீடுகளும் தினம் இரண்டு தடவை தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. கிளேபாங் கடலில் நீர் ஏறினால் இங்கே வீடு ஏறும். அங்கே வடிந்தால் இங்கே இறங்கும். நடுவில் இத்தனை செம்பனைத் தோட்டங்கள் கிடப்பதை அவை பொருட்படுத்தவே இல்லை. கோழிகள் அடியில் போய் நிழலுக்குப் படுத்து, நேரம் தெரிந்து வெளியே வந்துவிடும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மாரியம்மா வீடு எழும்புவதைப் பார்த்துத்தான் உலை வைத்தார். அதனால் சாப்பாடு நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளிப் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

உஷாராணி தெங்கேராவில் ஒரு கிரில் பட்டறையில் பதினெட்டு வருடம் வெல்டிங் செய்தவர். பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். தோட்டம் கைமாறியதும் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு டவுனில் ஏழு வாடகை வீடுகள். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்க வேண்டும். தன்னையும் ஒருத்தி வாய் நிறைய அப்படிக் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. ஜன்னல்களைத் தானே வெட்டினார், உள்ளே பஞ்சு அடைத்துப் பலகைச் சுவர் போட்டார். உச்சி வெயிலிலும் உள்ளே கேமரன் மலை மாதிரி குளுகுளுவென்று இருந்தது. பற்றவைத்த இடத்தில் எறும்பு நுழைய வழியில்லை.

நகராண்மை மன்றத்து அதிகாரி தர்மேந்திரன் பார்வையிட வந்தார். நல்ல மனிதர். வீட்டுக்கும் தரைக்கும் நடுவே அளவுகோலை விட்டுப் பார்த்தார்.

"அக்கா, வேலை சூப்பர்லா. ஆனா மிதக்கிறத வீடுன்னு எப்படி எழுதறது? வெள்ளிக்கிழமை வரேன். அதுக்குள்ள நிக்கலன்னா லோரி வச்சு எடுத்துடணும்."

வீடுகளைத் தரையோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள், சங்கிலியும் சேர்ந்து எழும்பியது. கடைசியில் மாரியம்மாதான் கேட்டார்: "வாசல் நிலைக்குப் பூசை போட்டியாடி?"

உஷாராணி கணவர் ஹரிதாஸைப் பார்த்தார். "இரும்புப் பொட்டிக்கு எதுக்கு நிலைவாசல்னு நான்தான் சொன்னேன்" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நிலை வைக்காத பெட்டிக்குத் தான் வீடு என்று எப்படித் தெரியும்? இன்னும் சரக்கு என்றே நினைத்து, கப்பலுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

வியாழக்கிழமை மூன்று மரநிலைகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, இரும்பு வாசல்களில் பொருத்தினார்கள். பால் பொங்கி வழிந்தது. கடல் ஏறும் நேரம் வந்தது. கோழிகள் அடியில் போகக் காத்திருந்து பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன.

மறுநாள் தர்மேந்திரன் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே முதல் வீட்டுக்குத் தாதி மலர்விழி, சாமி படத்தைக் கையில் பிடித்தபடி குடிவந்தார்.

"வீட்டுக்காரம்மா, ஒரு ஆணி அடிச்சிக்கலாமா?"

"ஒன்னு என்னம்மா, பத்து அடிச்சிக்க" என்ற உஷாராணி தரையை விட்டு ஒரு சாண் எழும்பினார். செருப்பு கீழேயே கிடந்தது. ஹரிதாஸ் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேலே இருக்கும்போதே வாசல் பல்பையும் மாட்டிவிடச் சொன்னார். மாட்டினார்.

இப்போது மாரியம்மா உஷாராணி தரையை விட்டு எழும்புவதைப் பார்த்துத்தான் உலை வைக்கிறார்.