எறியாத தொப்பி

ஷெஃபீல்டு, 1768 மார்ச் 17, வியாழன்.

இந்த நாட்குறிப்பின் திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு தவறு. மூன்று குவளை பீர் குடித்ததாக எழுதியிருக்கிறேன். ஐந்து குடித்தேன். ஆறாவதைப் பாதியில் வைத்தேனா, முடித்தேனா என்பது நினைவில்லை. எழுதியதை அடித்துத் திருத்தக் கூடாது, தவறைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்று, எழுத்தும் கணக்கும் படிக்க நான் போகும் மாலை வகுப்பின் ஆசிரியர் சொல்வார். ஆகவே இங்கே குறிக்கிறேன். திருத்த வேண்டியது இது ஒன்றுதான் என்றால் நிம்மதியாக இருக்கும்.

இன்று லூக் பேக்‌ஷாவின் சாவு குறித்த விசாரணை. புறா மதுவிடுதியிலேயே நடந்தது. திங்களன்று நாங்கள் குடித்த அதே நீள மேசையில் விசாரணை அதிகாரி காகிதங்களைப் பரப்பியிருந்தார். பன்னிரண்டு ஜூரர்களும் முதலில் பின்னறைக்குப் போய், கழற்றிய கதவொன்றின்மேல் கிடத்தியிருந்த லூக்கைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ரொட்டி சுடும் ஹாப்ஸன் வெளியே வந்ததும் ஒரு மடக்கு பிராந்தி கேட்டார்.

"முதல்ல வேலை முடியட்டும்யா" என்றார் அதிகாரி.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசை தப்பினால் நாளைக்கும் தப்பும்.

எங்கள் தொழிலில் திங்கட்கிழமையும் ஓய்வுதான், பட்டறைக்கு யாரும் போவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு லூக், ஈனாக் ஸ்டானிஃபோர்த், நான், இன்னும் பத்துப் பேர் விடுதியில் இருந்தோம். லூக்கும் ஈனாக்கும் ஒரே சாணைப் பட்டறையில் அடுத்தடுத்த கல்லில் கத்தி தீட்டுகிறவர்கள். பதினோரு வருஷப் பழக்கம். ஈனாக் ஒன்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவனுடைய ஓட்ஸ் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் லூக் தின்றுவிட்டான். சண்டை அதற்குத்தான்.

"ஏண்டா, பசின்னு கேட்டா குடுக்க மாட்டேனா?"

"நீயா? அப்பன் சாவுக்கே தண்ணி கலந்த பீர் ஊத்தினவன்தானே நீ!"

விடுதியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஈனாக் சிரிக்கவில்லை.

"வாடா வெளியே."

இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். தெருவில் வளையம் கூடியது. ஈனாக்குக்கு அவன் மைத்துனன் துணை நின்றான். லூக் சுற்றுமுற்றும் பார்த்து, "வாத்தியாரே, நீ வா. நீதான் கணக்கா இருப்ப" என்று என்னைக் கூப்பிட்டான். வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து எனக்கு அந்தப் பெயர். கேட்கப் பெருமையாக இருந்தது.

துணை நிற்பவன், விழுந்தவனைத் தூக்கித் தன் முட்டியில் உட்கார வைத்து, முகம் துடைத்து, முப்பது எண்ணும்வரை தாங்க வேண்டும். தன் ஆளால் இனி முடியாது என்றால் தொப்பியைக் கழற்றி வளையத்துக்குள் எறிய வேண்டும். அடிபடுகிறவன் தோற்றேன் என்று தன் வாயால் எதிராளியிடம் சொல்வது எங்கள் தெருவில் கிடையாது. தொப்பி விழுந்தால் சண்டை முடிந்தது. விழாதவரை அடிக்கலாம்.

ஆறாம் முறை விழுந்தபோது லூக் என் முட்டியில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினான். பிறகு என் காதருகே, "ஏபெல், முடியலடா. எறிஞ்சிடு" என்றான். வாத்தியார் என்று சொல்லவில்லை.

பிப்ரவரியில் வகுப்புக்கென்று வாங்கிய தொப்பி அது. என் முதல் புதுத் தொப்பி. காலையில் மழை, மாடுகள் போன தெரு, எங்கும் சாணிச் சேறு. கையைத் தொப்பிவரை கொண்டுபோனேன். சேற்றைப் பார்த்தேன். "இன்னும் ஒரே ஒரு தடவைண்ணே, அவனும் தள்ளாடுறான்" என்று சொல்லி முதுகில் கைவைத்து அவனை எழுப்பிவிட்டேன். முப்பதுகூட எண்ணவில்லை. இருபத்திரண்டு இருக்கும்.

லூக் இரண்டடி நடந்து கைகளைத் தொங்கவிட்டான். ஈனாக் அடித்தான். லூக்கின் தலை விடுதியின் வாசற்கல்லில் மோதியது. புதன் விடியலில் உயிர் போனது.

இன்று மீன் விற்கும் மார்த்தா முதலில் சாட்சி சொன்னாள்.

"கையைக் கீழ போட்டவனை அடிச்சான் ஐயா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். மல்லாந்து படுத்த நாயை இன்னொரு நாய்கூடக் கடிக்காது."

ஜூரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட சண்டையில் பட்ட அடி என்றால் தூக்கு இல்லை, விட்டுக்கொடுத்தது தெரிந்தும் அடித்திருந்தால் அது கொலை, தூக்குக்குப் போகும் என்று அதிகாரி விளக்கினார். ஈனாக் விலங்கோடு சுவரோரம் நின்றான். "அவன் விட்டுட்டான்னு எனக்குத் தெரியாதுங்க. தொப்பி விழல" என்றான். பிறகு என்னையே பார்த்தான்.

வேதப் புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்துவிட்டு நின்றேன்.

"லூக்குக்குத் துணை நின்னது நீதானே? சண்டையை விட்டுடறேன்னு உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

தொப்பி என் கையில் இருந்தது. ஒரு புள்ளி சேறு இல்லை.

"இல்லீங்க ஐயா. ஒரே கூச்சல். காதுல எதுவும் விழல."

எழுத்தர் எழுதிக்கொண்டார். அவர் கையெழுத்தைவிட என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

லூக்கைப் பார்த்த மருத்துவர் வெளியூர் போயிருந்ததால் விசாரணையை நாளைக்குத் தள்ளினார்கள். என் பதிலால், லூக் கையைத் தொங்கவிட்டதுதான் அவன் விட்டுக்கொடுத்த அடையாளம், அதைப் பார்த்தே ஈனாக் அடித்தான் என்றாகிறது. வாசலில் லூக்கின் மனைவி ஹெஸ்டர் என்னை நிறுத்தினாள்.

"தம்பி, உன் மடியிலதானே கடைசியா உக்காந்தான். ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"போகட்டும். அத்தனை குடிகாரனுங்க நடுவுல நிதானமா இருந்தவன் ஒருத்தன் அவனைத் தாங்கினானே." என் தொப்பியில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

துணை நின்றவனையும் பிடித்து அடைக்கலாம் என்று, சாட்சி சொல்வதற்கு முன்பே ஹாப்ஸன் சொல்லக் கேட்டேன். அந்தப் பயத்தால் பொய் சொன்னேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. சிறையைவிட, ஒரு தொப்பிக்காக என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதுதான் எனக்குக் கூசியது. குடிபோதை என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் சேற்றைக் கவனிக்கும் அளவுக்குத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறேன்.

விசாரணை நாளை ஒன்பது மணிக்கு. எட்டரைக்கே போய், என் வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்று எழுத்தரிடம் சொல்ல வேண்டும். லூக் எறியச் சொன்னான். நான் எறியவில்லை. ஈனாக்குக்கு அது தெரியாது. ஏன் எறியவில்லை என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தொப்பியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.