கொக்கின் பின்தொடை

வீட்டில் அவன் பெயர் சின்னவன். வயது இருபத்து மூன்று. அப்போது நின்றிருந்தது பிசியோதெரபி தேர்வு அறையில், நீல மெத்தைக் கட்டிலின் பக்கத்தில். இது இரண்டாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

கட்டிலில் மல்லாந்து கிடந்தவன் அவனுடைய அறைத்தோழன் கொக்கு. ஆள் முக்கால்வாசி காலேதான். அவனுடைய பின்தொடைத் தசையைத் தளர்த்தி, முழங்கால் ஐந்து டிகிரியாவது கூடுதலாக நீளும்படி செய்துகாட்ட வேண்டும். நேரம் இருபது நிமிடம்.

தொடையை நிமிர்த்திப் பிடித்து முழங்காலை நீட்டச் சொன்னான். கால் முழுசாக நேராவதற்கு இன்னும் நாற்பத்தெட்டு டிகிரி பாக்கி இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் தேர்வாளர் குறித்துக்கொண்டார்.

சின்னவன் அந்த அளவைத் திரும்பப் பார்த்தான். நேற்று அறையில் அளந்தபோது முப்பத்திரண்டுதானே?

குனிந்து, "டேய், நடிக்கிறியா?" என்றான்.

"இப்ப விறைப்பா காட்டுனா அப்புறம் நல்லா நீளும்ல. கம்முனு பாஸாயிட்டுப் போடா."

"பாஸாயி? நாளைக்கு வைத்தியத்துக்கு வர்றவன் காலும் உன்ன மாதிரி நடிக்குமா? ஒழுங்கா நீட்டு."

நிமிர்ந்து, "மேடம், முதல் அளவு தப்பு. திரும்ப அளக்கணும்," என்றான்.

"உங்க நேரம்தான் போகும்."

"போகட்டும் மேடம்."

இந்த முறை முப்பத்திரண்டு. மிச்சம் பன்னிரண்டு நிமிடம்.

கொக்கின் குதிகாலைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். "என் தோள கீழ அமுக்கு. ஆறு எண்ணுற வரைக்கும். மூச்சை அடக்காத... இப்ப தளர விடு." தசை விட்டுக்கொடுத்த அந்த நொடியில் காலை மெல்ல மேலே கொண்டுபோய் அரை நிமிடம் நிறுத்தினான்.

"அய்யோ, இழுக்குதுடா!"

"வலியா, இழுப்பா?"

"இழுப்புதான்."

"அப்ப வாய மூடு."

மூன்று சுற்று முடித்து அளந்தான். இருபத்தொன்பது. இடுப்பு எழும்பாதபடி மறு தொடையைப் பட்டையால் கட்டிலோடு கட்டிவிட்டு, இன்னும் இரண்டு சுற்று. கடைசி நிமிடத்தில் மறுபடி அளந்தான். இருபத்தாறு.

தேர்வாளர் கோணத்தைத் தானே ஒரு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் போனில் குடும்பக் குழுவுக்குத் தட்டி அனுப்பினான்: "பாஸ் பண்ணிட்டேன். நேர்மையா பண்ணேன். இதப் படிக்கிறது யாரா இருந்தாலும், அம்மாவுக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."