தாட்சாயணி எழுதி வைத்த சீட்டு

"நாளைக்கு வாசப்படி தாண்டினே, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

"இப்ப மட்டும் இருக்கிறியாக்கும்!"

பக்கத்து வீட்டு முனியப்பனும் அவன் பெண்டாட்டி தாட்சாயணியும்தான். நான் முருங்கைக்கீரை ஆய்கிற சாக்கில் சுவரோரம் இருந்தேன். கீரை தீர்ந்தும் எழுந்திருக்கவில்லை. ஆந்திர எல்லைக்குள் இருக்கிற எங்கள் தமிழ் ஊரில், நாலு மாதமாகச் சாயங்கால முதியோர் வகுப்பில் தெலுங்கு எழுத்துப் படித்தவள், ஞாயிற்றுக்கிழமை பாலசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதப் போக வேண்டும் என்கிறாள். அவன் கூடாது என்கிறான்.

"நாப்பது வயசுல பெஞ்சுல குந்தினா ஊரு சிரிக்கும்டி!"

ஊர் என்றால் நான்தான்.

மறுநாள் காலை முகம் வெளுத்து என் வாசலில் நின்றான். கையில் ஒரு சீட்டு.

"அக்கா, அவள காணோம். கெணத்துல கூட எட்டிப் பாத்துட்டேன்."

"பரீட்சைக்குப் போயிருப்பா."

"பரீட்சைக்குப் போறவ எதுக்குக்கா சீட்டு எழுதி வைக்கிறா?"

அவன் அஞ்சாவது வரை தமிழ்ப் பள்ளி. நானும் தமிழ்தான் படிப்பேன்; தெலுங்கு பேச மட்டும் வரும். சீட்டில் அத்தனையும் தெலுங்கு எழுத்து. என் மாடியில் குடியிருந்த யாமினியைக் கூப்பிட்டேன். கர்னூல் பெண், சச்சிவாலயம் என்கிற ஊர் ஆபீசில் வேலை, தமிழ் ஒரு சொல் வராது. சீட்டைப் பார்த்து முழித்தாள்.

"எழுத்து தெலுங்குதான் ஆன்ட்டி, பேச்சு தெலுங்கு இல்லையே" என்றாள் தெலுங்கில்.

"அர்த்தம் உனக்கெதுக்கு? சத்தமா படி."

எழுத்தெழுத்தாகப் படித்தாள். "ராத்திரி நீ துன்னாம படுத்துக்கினே. களி மூடி வச்சிருக்கிறேன். மீன் கொழம்பு இருக்குது. ஒரு மணிக்கு வந்துடுவேன். கோவமா இருக்கிறதுன்னா துன்னுட்டு இரு."

கர்னூல்காரி வாயிலிருந்து தாட்சாயணி பேசினாள். முனியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லுக்கா."

மூன்று முறை படிக்க வைத்தான். வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டுப் பைக்கை எடுத்தான். பள்ளிக்கூட கேட்டில் ஒரு மணி வரை வெயிலில் நின்றானாம். சொன்னது, கூடவே பரீட்சை எழுதிய செல்லியம்மா.

"இன்னாயா, இழுத்துக்கினு போக வந்தியா?" என்றாளாம் வெளியே வந்த தாட்சாயணி.

"இல்ல. எல்லாம் எழுதினியா?"

"ஒண்ணு விட்டுட்டேன்."

"ஒண்ணுதானே, போவுது. ஏறு."

தாட்சாயணி பாஸ். அடுத்த வகுப்பில் முனியப்பனும் சேர்ந்துவிட்டான். பெண்டாட்டி எழுதுவதை அடுத்தவங்க படிக்கிறது நல்லாயில்லையாம். என்னைத்தான் சொல்கிறான். யாமினி தை மாதம் ரேணிகுண்டா பையனைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டாள். மாடி காலியாகத்தான் இருக்கிறது. தெலுங்கு படிக்கத் தெரிந்த குடித்தனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.