பிடியில் முறிந்தவை

எடை விழுந்ததும் எலும்பு வெடித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு துண்டு தெறித்து இரும்புச் சட்டத்தில் மோதி மூலையில் போய் விழுந்தது. நாற்காலியில் இருந்த தங்கை, மாவுக்கட்டுப் போட்ட வலது கையை இடது கையால் அணைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினாள். இருந்தும் பயன் இல்லை. சில விஷயங்களை உடம்புக்குச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. வீட்டில் தனியே விட்டு வரலாம் என்றால் தங்கையின் புருஷன் வாசலில் வந்து நிற்கிறான். நின்று, எதிர்வீட்டுக்காரர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறான்.

ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்கு எலும்புடைச்சி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கே பிடித்துப்போய்விட்டது. மனிதர்கள் கீழே விழும்போது கை எப்படி முறிகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பிசினும் இழையும் கலந்து வார்த்த செயற்கை எலும்பை உயரத்தில் பற்கள் வைத்த ஓர் இரும்புப் பிடியில் மாட்டி, எடையோடு சேர்த்து விழவிடுவாள். கீழே சாய்வான தகடு. அதில் மோதுவதற்குச் சற்று முன் பிடி தானாகத் திறந்து எலும்பை விட்டுவிட வேண்டும்; நிஜத்தில் விழுகிறவனை யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை அல்லவா. பிடி திறக்காமல் சிக்கிக்கொண்டால் எலும்பு தகட்டில் முறுக்கிக்கொண்டு உடையும். அந்த முடிவைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். 'பிடியில் முறிந்தது கணக்கில் சேராது' என்று யாரோ எப்போதோ சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருந்தார்கள்.

தங்கையின் கை போன வாரம் முறிந்தது. தொலைபேசியை ஏன் உடனே எடுக்கவில்லை என்பதில் ஆரம்பித்த சண்டை. அவளைக் குளியலறையிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, கதவு நிலையில் முகத்தை மோதி, மேல்கையை ஒரு கையாலும் மணிக்கட்டை இன்னொரு கையாலும் பிடித்து முறுக்கியிருக்கிறான். "அவன் திருப்பின பக்கம் நானும் திரும்பினேன்க்கா. அப்புறம் திரும்பறதுக்கு இடமில்ல," என்று மட்டும் சொன்னாள். சத்தம் கேட்டதும் அவனே பதறி, அவனே காரில் ஏற்றி, சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான். ஈரத் தரையில் வழுக்கிவிட்டாள் என்றான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல்கை எலும்பில் கீறல் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது. விழுந்தால் இப்படி முறியாது, யாரோ முறுக்கியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு அவன் கதை முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தாள். நேற்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பி, மேசையில் சில தாள்களைத் தள்ளினார்.

"மேல இருக்கறது உங்க பேருதானே மேடம்?"

அவள் பெயர்தான். பேராசிரியரின் பெயரோடு சேர்த்து அச்சான அவளுடைய முதல் ஆய்வுக் கட்டுரை. நடுவில் ஒரு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். 'வெறும் விழுதலே, அரிதாக, மேல்கையில் சுருள் முறிவை உண்டாக்கக்கூடும்.'

"அவங்க வக்கீல் குடுத்தது. டாக்டர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க. டாக்டரோ பொது டாக்டர், நீங்களோ இதுலயே ஊறினவங்க. நான் யார் பேச்ச எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க."

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தங்கைக்கும் சேர்த்து வைக்கிற ஆள் தான் ஒருத்திதான் என்று தோன்றியது. கட்டுரை வெளிவந்த புதிதில், எஞ்சினியர் மாப்பிள்ளைக்குப் புரியுமே என்று ஒரு பிரதியை அவன் கையில் கொடுத்ததும் அவள்தான். முறித்துவிட்டுப் படித்தானா, படித்துவிட்டு முறித்தானா? ராத்திரி முழுக்க இந்த ஒரு கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது.

அந்த வரி ஒரே ஓர் எலும்பை நம்பி எழுதப்பட்டது. மற்றவையெல்லாம் முழங்கைப் பக்கம் நொறுங்கின. அது ஒன்று மட்டும் சுருளாக முறிந்தது. அதைப் பார்த்துப் பேராசிரியர் குதித்த குதி இன்னும் நினைவிருக்கிறது. இன்று காலை அதே மாதிரி எலும்புகளை வரிசையாக விழவிட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடச் சுருளாக முறியவில்லை. கடைசியில் அலமாரியைத் திறந்து பழைய எலும்பைத் தேடி எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"இதுதான் அந்த எலும்பா?"

"இதேதான்."

தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல் நுனியில் எண் எழுதிய துணி டேப் சுற்றியிருந்தது. முறிந்த இடம்தான் எல்லோருக்கும் முக்கியம். அதில் கைபடக் கூடாது என்று, உடைத்த கையோடு மறுமுனையில் டேப் சுற்றி எண் போடுவது அந்தக் கூடத்து வழக்கம். அக்கா அப்படி நூற்றுக்கணக்கில் சுற்றியிருக்கிறாள். சும்மா இருக்கத் தெரியாத தங்கையின் விரல்கள், சின்ன வயதில் பாட்டில் லேபிள்களைப் பிய்த்த மாதிரி, அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தன. பேச்சு வாக்கில் முழுவதும் உரித்துவிட்டாள். உரித்தவள் அப்படியே நிறுத்தினாள். பெருவிரலை அந்த இடத்தில் வைத்துத் தேய்த்தாள்.

"அக்கா, இத யாரோ புடிச்சிட்டு இருந்திருக்காங்க."

பிடியின் பற்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. பதிந்ததோடு நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபட்டிருந்தன. திறந்துவிட்ட பிடி அப்படி உழாது. பிடி விடவே இல்லை. எலும்பு பிடிபட்டபடியே முறுக்கிக்கொண்டு உடைந்திருக்கிறது. தன் கையாலேயே அதன்மேல் டேப்பைச் சுற்றி, விழுந்ததில் முறிந்தது என்று உலகத்துக்கு எழுதியிருக்கிறாள். தங்கை மாவுக்கட்டுக்கு மேலே சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். தோளருகில் நான்கு விரல் தடங்கள் பச்சையும் மஞ்சளுமாக, அதே சாய்வில் இழுபட்டிருந்தன.

பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு எலும்புக்காகப் பேப்பரயே வாபஸ் வாங்குவாங்களாம்மா? எத்தன பேர் அத மேற்கோள் காட்டியிருக்காங்க தெரியுமா?"

"அதுல ஒருத்தன் என் தங்கச்சி புருஷன் சார்."

"என் பதவி உயர்வு இன்டர்வியூ முடியட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

"உங்ககிட்ட அனுமதி கேக்கல சார், தகவல் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள். கட்டுரையை வாபஸ் வாங்குவதாக, அதை வெளியிட்ட பத்திரிகைக்குக் கடிதம் அடித்தாள். அனுப்புவதற்கு முன், பிடி விடாவிட்டால்தான் எலும்பு சுருளாக முறியும் என்பதற்கு ஒரு சான்று வேண்டும். புது எலும்பை எடுத்து மாட்டி, பிடி திறக்காதபடி ஸ்பேனரால் முடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, முகம் நிறையச் சிரிப்பு.

"வீட்டுக்குப் போலாம் வா. எல்லாம் சரியாயிடுச்சு," என்றான் தங்கையிடம். பிறகு இவளைப் பார்த்து, "அக்கா, நீங்களே எழுதியிருக்கீங்க, விழுந்தா இப்படி ஒடையும்னு. படிச்ச குடும்பம், இத ஊர் சிரிக்க வைக்கணுமா?"

"அவ வரமாட்டா. வெளிய போங்க."

சிரிப்பு மாறாமலே அவன் தங்கையின் நல்ல கையைப் பற்றினான். இழுத்தான், அவள் வரவில்லை என்றதும் முறுக்கினான். அவள் கத்தவில்லை. பழகிப்போன உடம்பு சத்தமே இல்லாமல் அவன் திருப்பிய பக்கம் திரும்பியது, நாற்காலியோடு சாய்ந்தது. அந்த விரல்கள் சதையில் புதைவதை அக்கா பார்த்தாள். ஸ்பேனர் அவள் கையில்தான் இருந்தது. ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தாள். அந்தச் சத்தத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அவன் வாய் பிளந்து முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். இன்னொரு தடவை ஓங்கினாள், தோளில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது அவனுடைய உச்சந்தலை நேர் கீழே இருந்தது. எந்த இடத்தில், எவ்வளவு விசையில் மண்டையோடு பிளக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆசையாக இருந்தது, வெட்கமே இல்லாத ஆசை. தங்கை எழுந்து அவள் முழங்கையைத் தொட்டாள். தொட்டாள், பிடிக்கவில்லை.

அவன் ஒரு கையால் தவழ்ந்து வெளியேறினான். தங்கை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உடனே வெளியிலிருந்து உதை விழ ஆரம்பித்தது. "கைய ஒடைச்சிட்டாடா! அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து கொல்லப் பாக்கறாளுங்க! போலீஸக் கூப்பிடுங்கடா!"

நாற்காலியோடு சாய்ந்ததில் தங்கையின் உதடு வெடித்து ரத்தம் வந்திருந்தது. கதவையே பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"விழுந்துட்டான்னு சொல்லிடலாமாக்கா? நீ எழுதினது இருக்கே."

ஒரு கணம் அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகி நின்றது.

"வேண்டாம். நான் அடிச்சேன்னே சொல்லிக்கறேன். பொய்ய அவனே வச்சுக்கட்டும்."

ஸ்பேனரைத் துடைக்காமல் மேசைமேல், கண்ணில் படும்படி வைத்தாள். கடைசி முடுக்கைக் கையாலேயே முடுக்கினாள். கேமராவைப் பிடிக்கு நேராகத் திருப்பினாள். வெளியே இப்போது பலருடைய குரல்கள், ஓடிவரும் காலடிகள். பொத்தானுக்குக் கையை நீட்டியபோது அங்கே தங்கையின் விரல் ஏற்கெனவே இருந்தது, இடது கையின் ஆள்காட்டி விரல், மணிக்கட்டில் புதிய சிவப்புத் தடங்களோடு.

"நான் அமுக்கறேன்," என்றாள்.

எடை விழுந்தது. எலும்பு வெடித்தது. கதவுக்கு வெளியே உதைப்பது சட்டென்று நின்றது. தங்கை இந்தத் தடவை சுவரோடு ஒண்டவில்லை, கண்ணையும் மூடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கீழ்ப்பாதி தகட்டில் உருண்டுகொண்டிருந்தது. சுருளாகக் கூர்ந்து முறிந்த மேல்பாதியைப் பிடி இன்னும் விடாமல் கவ்விக்கொண்டிருந்தது.