காய்ந்த பூத்தலையில் ஒரு பழுப்பு

அன்று மேகம் இருந்ததா... இருந்தது என்றுதான் கணக்கெடுப்பு அட்டையில் அவள் எழுதியிருக்கிறாள், மனதில் வருவதோ வெயில், எது சரி? போன வசந்தத்தில் இதே சரிவில், ரயில் வராத தண்டவாளத்தின் ஓரம், காய்ந்த பூத்தலை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கியது இதேபோல் ஒரு பழுப்புப் பூச்சிதான், கட்டைவிரல் நகமளவு, சிறகுகளைக் கூரைபோல் கவிழ்த்துக்கொண்டு, 'அந்துப்பூச்சி' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறாள், பூச்சிகளைக் கணக்கெடுப்பதே பதினாறு வருடப் பிழைப்பு, அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சரிவை வெட்டிக் கிடங்கு கட்ட அனுமதி கொடுத்தார்கள். இப்போது, ஒரு வருடம் கழித்து, வெயில் ஏற ஏற இன்னொரு பழுப்பு மெல்லச் சிறகு விரிக்கிறது, தட்டையாக, சாம்பல் தூவினாற்போல, உணர்கொம்பின் நுனியில் குட்டிக் குமிழ், அந்துப்பூச்சிக்கு ஏது இந்தக் குமிழ்? சரளைக்கு நடுவே தரையோடு படர்ந்த மஞ்சள் பூச்செடி, அதில்தான் முட்டையிடும், பக்கத்திலேயே குளிர்காய வெற்று மண், வேறென்ன வீடு வேண்டும் அதற்கு, பட்டாம்பூச்சியேதான், இந்தப் பக்கம் இனி இல்லை என்று எல்லாரும் கைகழுவிய பட்டாம்பூச்சி...

“ஏய் பூச்சி, இன்னும் எவ்வளவு நேரம் பாப்ப? அது என்ன மாப்பிள்ளையா?” அண்ணன்தான், மண் அள்ளும் இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறான், ஒன்பது மணிக்குச் சரிவில் கைவைக்க வேண்டும், ஏழு மாதம் வீட்டில் சும்மா கிடந்தபின் கிடைத்த வேலை. போன வருஷம் தப்பாக எழுதிவிட்டேன் அண்ணா என்கிறாள். “அதனால என்ன? யாரு வந்து பாக்கப்போறா?” “நான் பாத்துட்டேனே.” அவன் டம்ளரில் மிச்சமிருந்த டீயை மண்ணில் ஊற்றுகிறான், “கிடங்கு வந்தா எனக்கு வேலைன்னு உன்கிட்டதான முதல்ல சொன்னேன்...” சொன்னான், ஆமாம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், அட்டை எழுதியதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், அந்தக் குமிழ் அன்றைக்கே கண்ணில் பட்டும் அப்படி எழுதினாளா... லென்ஸ் கையில் இருந்தது, அது மட்டும் நிச்சயம். கைபேசியில் அலுவலகத்து எண்ணை அழுத்துகிறாள்.

கிடங்கு இந்தச் சரிவை விட்டு மேட்டுக்கு அந்தப்புறம் போனது, வேறு ஆட்களை வைத்து. அண்ணன் தொலைவில் ஓர் ஊரில் லாரி ஓட்டுகிறான், ஞாயிறுகளில் தொலைபேசியில் அண்ணி மட்டும் பேசுகிறாள். அட்டையில் தப்பாக எழுதியவள் என்று இவளை இப்போது களத்துக்கு அனுப்புவதில்லை, பழைய அட்டைகளை அடுக்கும் அறையில் உட்காருகிறாள். அடுத்த வசந்தத்தில் சரிவுக்குப் போன புது ஆள் ஒன்பது பழுப்புகளை எண்ணினார்.