கழுவக் கூடாத தொட்டி

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு டம்ளரைக் கழுவி வைத்ததில்லை. அந்த மனுஷன் ஒரே ஆளாக நாற்பதாயிரம் பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழுவி வைத்தார் என்றால் யார் நம்புவார்கள்? நான் கண்ணால் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மீன்குஞ்சு வளர்க்கிற பண்ணையில் எங்கள் இருவருக்கும் வேலை. தண்ணீர் அவர் பொறுப்பு, தீவனம் என் பொறுப்பு. குஞ்சுத் தொட்டிகளின் தண்ணீர் ஓயாமல் சுற்றி, ஒரு வடிகட்டித் தொட்டிக்குள் போய்த் திரும்பி வரும். அதற்குள்தான் அந்தச் சக்கரங்கள் புரண்டுகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு. மேலே பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பூச்சு. புதிதாகப் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பூச்சு முழுக்க நல்ல கிருமிகள். மீனின் கழிவைத் தின்று, தண்ணீரிலும் பரவி, நோய்க்கிருமிக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்பவை. எங்கள் பண்ணையில் மருந்து போடுகிற பழக்கமே கிடையாது. எல்லாம் இதை நம்பித்தான்.

"பஸ்ல எல்லா சீட்லயும் நல்லவங்க உக்காந்திருந்தா ரவுடி ஏறினாலும் என்ன பண்ணுவான்? நின்னுகிட்டே வந்து எறங்கிப் போவான். நீ எல்லாரையும் எறக்கிவிட்டுட்டேன்னு வை, மொத ஆளா ஓடிவந்து உக்காருறது யாரு? அவன்தான்!" என்பார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். சோப்புக் கையோடு யாராவது அந்த அறைப் பக்கம் வந்தால் தாம்தூம் என்று குதிப்பார். அதனால் பண்ணையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சோப்பு எதிரி'.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆளைக் காணோம். எனக்குப் பசி வந்தால் கோபமும் கூடவே வரும். இன்றைக்கு இவரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று கிளம்பினேன். வடிகட்டி அறைக் கதவைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அது காலித் தொட்டிகளையும் தரையையும் கழுவ வைத்திருப்பது. பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கையில் பிரஷ்ஷோடு அவர் நின்றார். குஞ்சுத் தொட்டிக்குப் போகிற குழாயைச் சரியாக அடைத்திருந்தார். அதைக் கை மறக்கவில்லை. சக்கரங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"வந்துட்டியா? பாரு, எப்படி மின்னுதுன்னு! காலையில புடிச்சு ஒத்த ஆளா செஞ்சேன்," என்றார்.

ஒரு சக்கரத்தை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். துளி வழவழப்பு இல்லை.

"என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?" பாராட்டுக்குக் காத்திருக்கிற சிரிப்பு அது.

அதுவரை அவர் சாவி தேடினதையும், ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டதையும், வயசாயிடுச்சு கிழவா என்று கிண்டல் பண்ணித் தள்ளியிருந்தேன். இதை எப்படித் தள்ளுவது? உலகத்தில் வேறு யார் கழுவியிருந்தாலும் தெரியாத்தனம் என்று விடலாம். இவர் கழுவினார் என்றால் இவருக்குள் ஏதோ போய்விட்டது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவி, "வழுக்கிடுச்சா?" என்று கேட்டார்.

பிளீச்சிங் வாடை போக மூன்று தரம் அலசிவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பூச்சு மறுபடி பிடிக்க ஆறேழு வாரம் ஆகும். குஞ்சுகளுக்கு வயது பதினெட்டு நாள். நான்காம் நாள் ஒன்றிரண்டு வயிறு வெளுத்துச் சுழன்றன. ஆறாம் நாள் வலையில் அள்ள அள்ளக் குறையவில்லை. இரண்டு லட்சம் உயிர்.

முதலாளியம்மா எங்களைவிடச் சின்னவள். அவரை அண்ணே என்பாள், என்னை அண்ணி என்பாள். எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

"வடிகட்டியைத் தொட்டது யாரு?"

உண்மை தெரிந்தால் அவரை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். அந்த அறையும் போனால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

"நான்தாம்மா. புத்தி கெட்டுப் போய்க் கழுவிட்டேன்," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "நீயா?"

"ஆமாங்க."

"முப்பது வருஷமா எங்கூடக் குப்பை கொட்டுறியே, இதுகூடவா உனக்குத் தெரியாது?" என்று ஆரம்பித்தார் பாருங்கள். பஸ், சீட்டு, ரவுடி, எந்தக் கிருமி மெதுவாக வளரும், எது ஓடி வந்து பிடிக்கும், எத்தனை வாரம் ஆகும், ஒன்று பாக்கியில்லை. ஒரு வார்த்தை தப்பில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. அடடா, எல்லாம் ஞாபகம் இருக்கிறதே இவருக்கு!

கடைசியில் முதலாளியம்மாவிடம் திரும்பினார். "இவளை இனிமே உள்ள விடாதம்மா. என் பொண்டாட்டின்னு தயவு தாட்சண்யம் பாக்காத."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என்னை வெளியே நிறுத்தினால் அவரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு நாள் அவர் தனியாக வேலைக்குப் போனார். நான் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பண்ணையில் பக்கத்து அறைத் தொட்டிகளில் இன்னும் இரண்டு லட்சம் குஞ்சு இருந்தது. மூன்றாம் நாள் முதலாளியம்மாவின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, உள்ளதைச் சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அண்ணி, எனக்கு வேற வழி இல்லையே."

"தெரியும்மா. அதான் வந்தேன்."

அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "என்னாலதாங்க நம்ம ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க," என்றேன். நம்பினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு அர்ச்சனைதான். டீயை ஒரு வாய் குடிப்பார், ஆரம்பித்துவிடுவார். "ரெண்டு லட்சம் உயிரைக் கொன்னுட்டு டீ போடுறா பாரு!" என் தங்கச்சி ஒரு வாரம் வந்து தங்கியவள், பொறுக்க முடியாமல், "எப்படிக்கா தாங்குற? உண்மையைச் சொல்லித் தொலையேன்," என்றாள்.

"வாயை மூடுடி," என்றேன். அவளுக்கு எங்கே புரியப்போகிறது? அவர் திட்டத் திட்ட, இன்னும் இருக்கிறார் என்று எனக்குத் தெம்பு. காது கொடுத்து எண்ணிக்கொண்டே இருப்பேன். முதலில் வாரக் கணக்கு போயிற்று. பிறகு கிருமிகள் போயின. பஸ்ஸும் ரவுடியும் ரொம்ப நாள் ஓடின. அதுவும் போன பிறகு, "நீ செஞ்சது தப்பு, பெரிய தப்பு" என்பது மட்டும் மிஞ்சியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் கோபம் மட்டும் இருந்தது. எனக்கு அது போதும்.

நேற்றுக் காலை டீயைக் குடித்து முடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாத்திரத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அப்புறம் பொறுக்க முடியாமல் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, நான் வடிகட்டித் தொட்டியைக் கழுவிட்டேங்க."

திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் கோபமே இல்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி விடும்மா, இதுக்குப் போய் அழுவாங்களா? அழுக்கா இருந்திருக்கும், கழுவியிருப்பே."